அண்ணன் பாதியில் விட்ட கார்: முடிக்க நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் பண்டாரவளையிலிருந்து ஒரு தங்கச்சி போன் பண்ணினாள். அவளுடைய தம்பி தவறி நான்கு மாதம். அவன் பிரித்துப் போட்டிருந்த ஒஸ்டின் கேம்பிரிட்ஜை முடித்து, அவன் நினைவாக ஓட வைக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. “அண்ணே, கொட்டகையக் கழுவித் தொடச்சி எடுத்துட்டேன், படம் அனுப்புறேன் பாருங்க” என்றாள். படத்தைப் பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. சிமெந்துத் தரை பளிச்சென்று இருந்தது. பலகைத் தட்டுகள் காலி. மூலையில் வாய் கட்டிய இரண்டு சாக்கு.

ஒன்பது வருடத்துக்கு முன் டிக்கோயாவில் நான் செய்ததும் அதுதான். அதற்குப் பிறகு இப்படிக் கார் வைத்திருக்கும் நாலைந்து பேருக்கு உதவப் போயிருக்கிறேன். எல்லோரும் அன்பினால்தான் அவசரப்படுகிறார்கள்.

ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்காதே, பெட்டரி வயரைக் கழற்று என்பதையெல்லாம் எந்தக் கெராஜ் பையனும் சொல்லித்தருவான். அவற்றை விடுகிறேன்.

கொட்டகையைச் சுத்தம் செய்வது

அண்ணன் தேயிலை பாக்டரியில் பிட்டர். அவர் வாங்கியது 1959ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000, நான்கு கதவு, 948 சிசி எஞ்சின். அதே தோட்டத்தில் இருந்த டீமேக்கர் ஓட்டிய கார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆறு வருடம் அதில் வேலை செய்தார். எஞ்சினைப் பிரித்து, உள்ளே சுழலும் பெரிய தண்டான கிராங்கைக் கிரைண்ட் பண்ணி, எஞ்சினின் இரும்பு உடலான பிளாக்குக்கு எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைத்திருந்த நிலையில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கொட்டகையைத் திறந்தேன். அவருடைய சாமான் கண்ணில் படும்போதெல்லாம் அம்மா அழுதார். ஒதுக்கிவிட்டால் அம்மாவுக்கு ஆறுதல், எனக்கும் வேலை தொடங்க இடம் கிடைக்கும் என்று நினைத்தேன். பலகையில் வரிசையாகப் பால்மா டின்கள். பேர் எழுதி ஒட்டியிருந்த டேப் எல்லாம் ஈரத்தில் உரிந்து கீழே சுருண்டு கிடந்தது. பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன்.

ஒரு டின்னில் மூன்று இரும்புத் துண்டுகள் கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தன. உள்பக்கம் அரைவட்டமாக, வழவழவென்று. ஒன்றின் முதுகில் ஒரு புள்ளி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் மூன்று. துருப்பொட்டு என்று நினைத்து விரலால் தேய்த்துக்கூடப் பார்த்தேன். போகவில்லை. தராசில் வைத்துவிட்டேன்.

அவை மெயின் கெப்கள். புள்ளிகள் அண்ணன் பஞ்ச் வைத்துக் குத்திய அடையாளம்.

இந்த எஞ்சினில் கிராங்க் மூன்று இடத்தில் உட்காருகிறது. ஒவ்வொரு இடத்திலும் துளையின் மேல்பாதி பிளாக்கில், கீழ்பாதி கெப்பில். எஞ்சின் செய்யும்போதே கெப்பைப் பூட்டி இறுக்கிவிட்டுத்தான் மூன்று துளையையும் ஒரே கோட்டில் கடைகிறார்கள். ஆகவே அந்தக் கெப், அந்த இடத்தில், அந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்தால்தான் துளை வட்டமாக இருக்கும். இடம் மாறினாலோ, வேறு எஞ்சினின் கெப்பைப் போட்டாலோ மயிரிழை விலகும். கிராங்க் கையால் சுற்ற முடியாதபடி இறுகும், அல்லது சுற்றிச் சுற்றியே பெயாரிங்கைத் தின்னும். கடையில் புதிதாக வாங்கி அப்படியே மாட்டுகிற சாமான் அல்ல அது.

ஹட்டனில் லேத் பாஸ் பிளாக்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “கெப் மூணும் எங்க தம்பி?” என்று கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. அன்றைக்கே இரும்புக்காரரிடம் ஓடினேன். லொறி கொழும்புக்குப் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. பிறகு கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி, உடைந்த ஒரு பிளாக்கிலிருந்து மூன்று கெப் வாங்கினேன். அவற்றின் முகத்தைக் கொஞ்சம் சீவி, எங்கள் பிளாக்கில் பூட்டி, துளையைத் திரும்பக் கடைந்தார்கள். அப்படிக் கடையும்போது கிராங்க் ஒரு பொட்டு மேலே ஏறிவிடுகிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டின் பக்கம் நெருங்குவதால், இரண்டையும் இணைக்கும் டைமிங் செயின் தளர்கிறது. அதற்கும் சேர்த்துப் பார்க்க வேண்டி வந்தது. எல்லாமாக ஏழு மாதம். அந்தப் பணத்துக்கு நாலு டயரும் கண்ணாடி ரப்பர் முழுவதும் வாங்கியிருக்கலாம்.

பணம் போனதைவிட இன்றைக்கும் என்னை உறுத்துவது இதுதான். அடுத்த வருடம் டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள தட்டைக் கழற்றியபோது பின்னால் தோட்டத்தில் வேலையாட்களின் நாள்கணக்கு எழுதுகிற பழைய செக்ரோல் புத்தகம் ஒன்று செருகியிருந்தது. ஆள்பேர் எழுதுகிற கோட்டில் சாமான் பேர், நாள் போடுகிற கட்டத்தில் டின் இலக்கம். ஏழாவது வரியில் அண்ணனின் சாய்ந்த எழுத்து: “மெயின் கெப் 3. புள்ளி பார்த்துப் போடு.” எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருந்தார். நான் தேடவே இல்லை.

ஆகவே முதல் ஒரு மாதம் எதையும் நகர்த்தாதீர்கள். ஒவ்வொரு தட்டையும் படம் எடுங்கள், டின்னைத் திறந்து உள்ளே இருப்பதையும் எடுங்கள். கொப்பி, பில், சுவரில் கரியால் எழுதிய கணக்கு, சிகரெட் பெட்டியின் பின்பக்கம் என்று எல்லாவற்றையும் படியுங்கள். அவரோடு வேலை செய்தவர்களைக் கூட்டி வந்து காட்டுங்கள். அடையாளத்துக்கு டேப் ஒட்டாதீர்கள். நம் ஊர் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் எந்தப் பசையும் தாங்காது. குளிர்பானக் கேனைப் பட்டையாக வெட்டி, போல்பேனையால் அழுத்தி எழுதி, கம்பியில் கோத்துக் கட்டுங்கள். மை போனாலும் பள்ளம் நிற்கும்.

பண்டாரவளைக்கு மறுநாளே பஸ் ஏறினேன். சாக்கு இரண்டும் இன்னும் போகவில்லை. தரையில் கொட்டி, கூட்டுவதற்கு முன் அவள் எடுத்திருந்த ஒரேயொரு படத்தைப் பார்த்துப் பார்த்துத் திரும்ப அடுக்கினோம். சாயங்காலம் ஆகிவிட்டது. பதினோரு சாமானுக்கு இடம் தெரியவில்லை. அவற்றை ஒரு தனிப் பெட்டியில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

காரின் பதிவுப் புத்தகத்தைப் பிறகு பார்க்கலாம் என்று விடுவது

முதலில் பாருங்கள். கார் அண்ணனின் பேரில் இல்லாமல், அவருக்கு விற்றவரின் பேரிலேயே கிடக்கலாம். செசி இலக்கத் தகட்டைச் சீவவோ பெயின்ட்டால் மூடவோ விடாதீர்கள்.

கதவைக் கழற்றிவிட்டு அடித்தகட்டை வெட்டுவது

செசி இலக்கம் என்று சொன்னாலும், மைனருக்குத் தனிச் செசி, அதாவது தனி அடிச்சட்டம், கிடையாது. பாடிதான் பாரம் சுமக்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் சில் தகடும், முன்சீட்டுக்கு அடியில் குறுக்கே போகும் பெட்டிச் சட்டமும் துருப்பிடித்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். இரண்டு பக்கத்தையும் ஒரே நாளில் வெட்டினால் கார் நடுவில் தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டை வெல்ட் பண்ணினால் அந்தத் தொய்வு நிரந்தரம், கதவு இனி எந்தக் காலத்திலும் நேராகப் பூட்டாது. கதவு வாசலுக்குக் குறுக்கே குழாய் வைத்து வெல்ட் பண்ணுங்கள், ஒரு பக்கம் முடிந்த பிறகு மறுபக்கம் போங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் கதவை மாட்டி இடைவெளியைப் பாருங்கள். டிங்கர் வேலை செய்பவர் “தேவையில்ல” என்று சொன்னால் ஆளை மாற்றுங்கள்.

பெயின்ட்டை முதலில் அடிப்பது

அது கடைசி வேலை.

திவசத்துக்கு நாள் குறிப்பது

இதை எல்லோரும் செய்கிறார்கள். முதல் வருடத் திவசத்தன்று கார் கோயிலுக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். எஞ்சின் அப்படி ஆனதால் எனக்கு முதல் வருடம் போய்விட்டது. இரண்டாம் வருடத்தை விடக்கூடாது என்று ராத்திரி ராத்திரியாக வேலை செய்தேன். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் திருகு மூட்டை, ட்ரனியன் என்பார்கள், பிரித்துப் பார்க்க நேரம் இல்லை. மேலாகக் கிரீஸ் அடித்துவிட்டேன். மைனரில் அந்தத் திருகு தேய்ந்துவிட்டால் மூட்டு கழன்று சக்கரம் மடிந்துவிடும். இந்தக் கார் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும்.

அம்மா சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார். கொட்டகை வாசலைத் தாண்டிப் பத்தடி போகவில்லை, இடது முன்சக்கரம் காலை மடக்கி உட்கார்வதுபோல் சாய்ந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். கினிகத்தேனை இறக்கத்தில் நடந்திருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

திவசத்துக்குக் கார் ஓட வேண்டியதில்லை. நிற்கிற இடத்திலேயே, பிரித்துப்போட்ட கோலத்திலேயே, பக்கத்தில் விளக்கேற்றலாம். மூன்றாம் வருடம் அப்படித்தான் செய்தோம்.

கொழும்பில் டியூன் பண்ணி மேலே கொண்டுவருவது

கீழே சரியாக ஓடிய கார் நுவரெலியாவுக்கு வந்ததும் கரும்புகை கக்கி, பிளக் எல்லாம் கரி பிடிக்கும். 1,800 மீட்டருக்கு மேலே காற்று மெல்லியது, அதே பெட்ரோலுக்குக் காற்றுப் போதாது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்யு கார்பரேட்டரை நீங்கள் ஓட்டப்போகிற உயரத்தில், எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள். அதன் பக்கத்தில் உள்ள சின்ன ஊசியால் கார்பரேட்டர் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்துங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம். அணையப் பார்த்தால் குறைவு. சற்றே ஏறி இறங்கினால் சரி.

பழைய பிரேக் ஹோஸை விட்டுவைப்பது

வெளியே நன்றாகத் தெரியும், உள்ளே ஊதி அடைத்திருக்கும். எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

அவர் செய்ததை அழித்துத் திருத்துவது

இடது பக்க முன்தரையில் அண்ணன் தானே போட்ட வெல்டிங் ஒன்று இருக்கிறது. அவர் பிட்டர்தான், ஆனால் மெல்லிய தகட்டில் அவருக்குக் கை பழகவில்லை. கம்பளிப்பூச்சி ஊர்ந்ததுபோல் மேடும் பள்ளமுமாக ஏழெட்டு அங்குலம். டிங்கர் பாஸ் கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டார். பலம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கச் சொன்னேன். சுத்தியலால் தட்டி, உளி வைத்து நெம்பிப் பார்த்தார், பிடித்திருந்தது. அப்படியே விடச் சொன்னேன். பலம் இல்லாவிட்டால் வெட்டத்தான் வேண்டும், அதில் தயவு பார்க்கக் கூடாது. வெட்டிய துண்டை வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தில் நானும் பிழை செய்யப் பார்த்தேன். எனக்கு வெள்ளை பிடிக்கும். செக்ரோல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் “சாம்பல் பச்சை” என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தார். சாம்பல் பச்சைதான் அடித்தோம். அந்த வெல்டிங்கின் மேல் துரு பிடிக்காத பிரைமர் மட்டும் பூசி, மேலே ரப்பர் விரிப்புப் போட்டிருக்கிறேன். அம்மா இடது பக்கம் ஏறினால் முதலில் விரிப்பின் ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார், பிறகுதான் கதவைச் சாத்துவார்.