பல்லிக்கு எக்ஸ்-ஒய்யா, இசட்-டபிள்யூவா: கண்டுபிடிப்பது எப்படி?

மனிதனுக்கு எக்ஸ்-ஒய், கோழிக்கு இசட்-டபிள்யூ என்று பள்ளியில் படித்ததை மட்டும் நம்பிப் பல்லியிடம் போனால் மாட்டிக்கொள்வீர்கள். எக்ஸ்-ஒய் என்றால் ஆணிடம் இரண்டு விதக் குரோமோசோம், இசட்-டபிள்யூ என்றால் பெண்ணிடம். பல்லி, ஓணான், அரணை, உடும்பு கூட்டத்தில் இரண்டும் உண்டு. இரண்டும் இல்லாமல் முட்டை கிடந்த சூட்டை வைத்தே ஆண் பெண் முடிவாகிற இனங்களும் உண்டு. சுவர்ப்பல்லியின் சொந்தங்களில் மட்டும் இந்த முறை 17 முதல் 25 தடவை மாறியிருக்கும் என்று 2015இல் வந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டது. அதனால் பக்கத்து இனத்தைப் பார்த்து எழுதிவிடாதீர்கள்.

முதல் வேலை, முட்டைகளை வெவ்வேறு சூட்டில் பொரிக்க வைப்பது. லெப்பர்ட் கெக்கோ என்ற புள்ளிப் பல்லிக்கு 26 டிகிரியில் கிட்டத்தட்ட எல்லாமே பெண், 32, 33இல் பெரும்பாலும் ஆண், இன்னும் ஏற்றினால் மறுபடியும் பெண். அப்படி வந்தால் குரோமோசோமைத் தேடி அலைய வேண்டாம். எந்தச் சூட்டிலும் பாதிக்குப் பாதி வந்தால் மேலே போகலாம்.

மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம், ஆனால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். ஒய்யோ டபிள்யூவோ தன் ஜோடியோடு துண்டு மாற்றிக்கொள்வதை நிறுத்திய பிறகுதான் மெல்ல மெல்லச் சிதைந்து உருவம் மாறும். பல்லிகளில் பல புதிதாக மாறியவை, ஜோடி இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோலவே தெரியும்.

சரி, டிஎன்ஏவுக்கு வருவோம். வால் நுனியில் துளி போதும், அது தானே கழற்றிப் போடுகிற சாமான்தானே. (வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டில் பிடிக்க வேண்டாம், உடும்பு என்றால் பேச்சே இல்லை.) பல ஆண், பல பெண்ணின் டிஎன்ஏவைத் துண்டு துண்டாகப் படித்து ஒப்பிடுங்கள். ஆண்களிடம் மட்டும் இருக்கிற துண்டுகள் நிறைய வந்து, பெண்களிடம் மட்டும் இருப்பவை ஒன்றும் வராவிட்டால் எக்ஸ்-ஒய், தலைகீழாக வந்தால் இசட்-டபிள்யூ. இங்கே எண்ணிக்கையில் கஞ்சத்தனம் காட்டினால் கெட்டீர்கள். பாதிப் பேரிடம் இருக்கிற ஏதோ ஒரு சாதாரணத் துண்டு, இரண்டு ஆண்களிடம் இருந்து இரண்டு பெண்களிடம் இல்லாமல் போக 16இல் ஒரு வாய்ப்பு, ஆயிரக்கணக்கான துண்டுகளை அலசும்போது இப்படிப் பொய்ச் சாட்சிகள் குவியும். பத்துக்குப் பத்து எடுத்தால் அதே வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றாகிவிடும். கிடைத்த துண்டை அதே விலங்குகளிடமே பிசிஆர் (குறிப்பிட்ட டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் சோதனை) செய்து சரிபார்ப்பது வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதை. புது விலங்குகளைக் கொண்டுவாருங்கள்.

உடும்புக்கு ஒரு குறுக்குவழி தானாகவே கிடைத்தது. இங்கிலாந்தின் செஸ்டர் மிருகக்காட்சிசாலையில் ஃபுளோரா என்ற கொமோடோ உடும்பு ஆண் துணையே இல்லாமல் முட்டையிட்டது, 2007இல் பொரிந்த குஞ்சுகள் எல்லாம் ஆண். தாய் இசட்-டபிள்யூ என்றால் இப்படித்தான் வரும்: துணையில்லாத முட்டையில் தாயின் இசட்டோ டபிள்யூவோ இரட்டிப்பாகும், டபிள்யூ இரண்டு சேர்ந்த கரு பிழைக்காது, இசட் இரண்டு சேர்ந்தது ஆண்.

அப்புறம் கிடைத்த துண்டுகளில் உள்ள மரபணுக்கள் கோழியின் எந்தக் குரோமோசோமில் இருக்கின்றன என்று ஒப்பிடுங்கள். அமெரிக்கக் கண்டத்து ஓணான் வகைகளான அனோலுக்கு எக்ஸ்-ஒய், பாசிலிஸ்க்குக்கும் எக்ஸ்-ஒய், இரண்டும் உறவுக்காரர்கள்தான். ஆனால் அனோலின் எக்ஸ் கோழியின் 15ஆவதோடும், பாசிலிஸ்க்கின் எக்ஸ் 17ஆவதோடும் பொருந்துகிறது. பெயர்தான் ஒன்று, குரோமோசோம் வேறு.

கடைசியாக, கணக்கில் இடிக்கிற விலங்கைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஆஸ்திரேலியாவின் தாடி ஓணான் இசட்-டபிள்யூ இனம், ஆனால் முட்டைச் சூடு 32 டிகிரியைத் தாண்டினால் இசட்-இசட் குஞ்சுகளும் பெண்ணாகத் தொடங்கும். காட்டில் பிடித்த 131 ஓணான்களில் 11 இப்படிப்பட்டவை என்று 2015இல் தெரியவந்தது. டபிள்யூ துண்டு இல்லாத பெண் உங்களிடமும் வந்தால், ஆண் பெண்ணை மறுபடி சரிபாருங்கள், முட்டையிடுகிறதா பாருங்கள், சாதாரண ஆணோடு சேர்த்துக் குஞ்சுகளையும் சோதியுங்கள். ஒன்றில்கூட டபிள்யூ இருக்காது, அதற்கப்புறம் ஆணா பெண்ணா என்பது முழுக்கச் சூட்டின் கையில்.