ரெண்டு மாச ட்ரிப் கடைசில ஐரோப்பா ஃப்ரெண்ட் வீட்டுக்குப் போறீங்களா?

மொதல்ல நாள் கணக்கைப் பாருங்க, ஷெங்கன்ல (ஒரே விசால சுத்தக்கூடிய ஐரோப்பிய நாடுங்க) எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்கலாம், உள்ள வந்த நாளும் வெளிய போற நாளும் சேர்த்தி, விசால அதைவிட கம்மியா போட்டிருந்தா அதான் கணக்கு. ட்ரெயின் டைமை முன்னாடியே மெசேஜ் பண்ணிடுங்க. ஜெர்மனின்னா ஞாயித்துக்கிழமை சூப்பர்மார்க்கெட் பெரும்பாலும் மூடியிருக்கும், ஏதாவது வாங்கிட்டுப் போகணும்னா சனிக்கிழமையே வாங்கிடுங்க (பெரிய ஸ்டேஷனுக்குள்ள இருக்கற கடைங்க தெறந்திருக்கும், நான் அப்படித்தான் ஒரு தடவை தப்பிச்சேன்).

அப்புறம் அந்த ரெண்டு மாச அழுக்குத்துணி. போன அன்னிக்கே கேட்டுட்டு ஒரு லோட் போட்டுடுங்க, ராத்திரி 10 மணிக்கு மேல மட்டும் வேணாம், பக்கத்து வீட்டுக்காரங்க கடுப்பாவாங்க. நெறைய வீட்ல ட்ரையர் கெடையாது, ஸ்டாண்ட்ல விரிச்சுப் போட்டா ஜீன்ஸ் இடுப்புப்பட்டை மறுநாளும் சில்லுன்னே இருக்கும், கெளம்பற அன்னிக்குத் தொவைச்சா ஈரத்தோடதான் பையில திணிக்கணும்.