ஷ்ரம் யோகி மான்தன் பென்ஷனில் சேருவது எப்படி?

இ-ஷ்ரம் கார்டு வாங்கிவிட்டாலே பென்ஷன் வந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வராது. அது அமைப்புசாராத் தொழிலாளி என்று பதிந்துகொண்டதற்கான அட்டை, அவ்வளவுதான். பென்ஷனுக்கு, 2019-இல் வந்த பிரதம மந்திரி ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்தில் தனியாகச் சேர வேண்டும். 60 வயதுக்குப் பிறகு மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும்.

படி 1: வயது 18 முதல் 40 வரை, மாத வருமானம் 15,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களும் வருமான வரி கட்டுபவர்களும் சேர முடியாது.

படி 2: ஆதார், சேமிப்புக் கணக்கு பாஸ்புக், செல்போன் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன் பாஸ்புக்கை ஒருமுறை பாருங்கள். ஆதாரில் இனிஷியல் பின்னால், பாஸ்புக்கில் முன்னால் என்று இருந்தால் முதலில் வங்கியில் திருத்திவிடுவது நல்லது. பழைய சிண்டிகேட் வங்கி பாஸ்புக்கா? 2020-இல் அது கனரா வங்கியோடு இணைந்துவிட்டது. அதில் அச்சிட்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இப்போது செல்லாது. புதிய பாஸ்புக் வாங்குங்கள்.

படி 3: சி.எஸ்.சி. எனும் பொதுச் சேவை மையத்துக்குப் போங்கள். முதல் தவணையை அங்கேயே ரொக்கமாகக் கட்ட வேண்டும். சேரும் வயது 18 என்றால் மாதம் 55 ரூபாய், 29 என்றால் 100, 40 என்றால் 200. அதே தொகையை மத்திய அரசும் போடும்.

படி 4: மாதத் தவணையை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பிடித்துக்கொள்வதற்கான ஆட்டோ டெபிட் படிவத்தை அச்சிட்டுத் தருவார்கள். வங்கியில் போட்ட அதே கையெழுத்தைப் போடுங்கள். ஸ்கேன் செய்து ஏற்றியதும் பென்ஷன் கணக்கு எண்ணோடு அட்டை வரும். அதை வாங்காமல் எழுந்து வராதீர்கள்.

சேருவது எளிது, தொடர்வதுதான் கஷ்டம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கட்டட வேலை நின்றுவிடும், கணக்கில் பணம் இருக்காது, தவணை விட்டுப்போகும். மழைக்கு முன்பே மூன்று மாதத் தவணையைக் கணக்கில் போட்டு வையுங்கள். விட்டுப்போனால் பாக்கியை அபராதத்தோடு கட்டித் தொடரலாம். பத்து வருடத்துக்குள் விலகினால் நீங்கள் கட்டியது சேமிப்புக் கணக்கு வட்டியோடு திரும்பும். அரசின் பங்கு கிடைக்காது.

விலைவாசி ஏறினாலும் இந்த 3,000 தானாக ஏறாது. இன்று 29 வயதில் சேருபவர் இதை வாங்க 31 வருடம் ஆகும். அதனால் இதை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

பென்ஷன் வாங்குபவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி, அதாவது 1,500 ரூபாய் வரும். அட்டை எங்கே இருக்கிறது என்று வீட்டில் சொல்லி வையுங்கள்.