வெள்ளியங்கிரியில் இறக்கத்தை மறப்பவர்கள்

ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி முதல் மே வரை, வனத்துறை அனுமதிக்கும் நாட்களில், கோவையிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே இருக்கும் வெள்ளியங்கிரி மலையின் பூண்டி அடிவாரத்திற்கு வந்து சேரும் கூட்டத்தில் முதன்முறை ஏறுபவர்களை எளிதாக அடையாளம் கண்டுவிடலாம். பதினொரு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த பிழைகளை, கொஞ்சமும் மாற்றாமல், அவர்கள் இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள். தண்ணீர் எடுத்துச் செல்லுங்கள், இதய நோயும் மூச்சுத்திணறலும் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளுங்கள் என்பன போன்றவற்றை அடிவாரத்து ஒலிபெருக்கியே சொல்லிவிடும் என்பதால் அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

முதல் மலையில் வேகம் காட்டுவது

உச்சிக்குப் போக அடுத்தடுத்துக் கடக்க வேண்டிய ஏழு மலைகளில் முதலாவது முழுவதும் கற்படிகள்தாம்; ஒன்று முழங்கால் உயரம் இருந்தால் அடுத்தது ஒரு சாண்கூட இராது. அடிவாரத்தில் இருக்கும் உற்சாகத்தில் இளைஞர்கள் இதை இரண்டிரண்டு படிகளாகத் தாண்டி ஏறி, வெள்ளைப் பிள்ளையார் கோயிலுக்கு வருவதற்குள் முகம் வெளிறி உட்கார்ந்துவிடுகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முடியவில்லையென்றால் வேகம் அதிகம்.

ஏறிவிட்டால் பாதிக்கு மேல் முடிந்தது என்று நினைப்பது

என்னை இன்றளவும் எரிச்சல்படுத்தும் பிழை இதுதான். மலையேற்றத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லோரும் ஏற்றத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எத்தனை மணிக்குக் கிளம்பினோம், எத்தனை மணிக்கு ஏழாவது மலையில் இருக்கும் சுயம்புலிங்கத்தைக் கண்டோம் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. இறங்கிய கதையை யாரும் சொல்வதில்லை. அதனால் புதிதாக வருபவர், தம்மிடம் உள்ள பலம், தண்ணீர், உணவு, பொறுமை ஆகிய நான்கையும் மேலே போவதற்குள் செலவழித்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பத் தொடங்குகிறார்.

நானும் அப்படித்தான் தொடங்கினேன். இரவு முழுவதும் ஏறி, ஏழாவது மலையில் சூரியன் எழுவதைக் கண்ட மகிழ்ச்சியில், இனி கஷ்டம் இல்லை என்று முடிவுசெய்து, கையிலிருந்த மூங்கில் தடியை யாரோ ஒரு பெரியவரிடம் தானமாகக் கொடுத்துவிட்டுத் துள்ளிக் குதித்து இறங்கினேன். அவர் வாங்கிக்கொண்டு, “தம்பி, இது ஏறுறதுக்கு இல்லீங்க, இறங்குறதுக்கு” என்றார். நான் சிரித்தேன். இரண்டாவது மலைக்கு வருவதற்குள் தொடைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. முதல் மலையின் படிகளை, கடைசி அரைப்பகுதியில், பின்புறமாகத் திரும்பி, கைகளை ஊன்றித் தவழ்ந்து இறங்கினேன். அதே பெரியவர் என்னைக் கடந்து போனபோது தடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெட்கத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அதுவும் ஒரு பிழைதான்.

நடந்தது என்ன என்பது பின்னர்தான் புரிந்தது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடலை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை, உடல் எடையைத் தாங்கிக்கொண்டே நீண்டுகொடுக்க வேண்டியிருக்கிறது. மூச்சு வாங்காததால் இந்த வேலை சுலபமாகத் தோன்றும். ஆனால் இப்படி நீளும்போதுதான் தசை இழைகளில் நுண்ணிய கிழிசல்கள் உண்டாகின்றன. நெஞ்சு எச்சரிக்காததால் நாம் வேகத்தைக் குறைப்பதில்லை. தொடை எச்சரிக்கும்போது காலம் கடந்திருக்கும். வலி அன்றைக்கு அவ்வளவாகத் தெரியாது. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும்தான் உச்சத்துக்கு வரும்.

இந்த மலையின் அமைப்பும் சேர்ந்து சதி செய்கிறது. போகும் வழியில் ஆறாவது மலை, ஆண்டி சுனையை நோக்கி இறங்குமுகமாக இருக்கும். திரும்பி வரும்போது அந்த இறக்கம் ஏற்றமாகிவிடும். இரவில் நிழலைப் பற்றிய நினைப்பே வராமல் கடந்த மேல்மலைகள், காலை ஒன்பது மணிக்கு மேல் மரமில்லாத புல்வெளியாகவும் சுடும் பாறையாகவும் நிற்கும். வெறுங்காலோடு நடப்பவர்களுக்கு அது தனி வேதனை. எல்லாவற்றுக்கும் மேலாக, மிகச் செங்குத்தான அந்த ஒழுங்கற்ற படிகள் பயணத்தின் இறுதியில், கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காத நேரத்தில் வருகின்றன. காட்டுக்கு நடுவே கணுக்கால் பிசகினால் வண்டி எதுவும் வராது. நான்கு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும்.

ஆகவே, தண்ணீரிலும் உணவிலும் பாதியை மேலிருந்து கிளம்பும்போது கையில் வைத்திருங்கள். தடியை விடாதீர்கள், உயரமான படியில் முதலில் தடியைக் கீழே ஊன்றி, எடையை அதன்மேல் சாய்த்து, பிறகு காலை வையுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டி இறங்காமல் சற்று மடித்தே வைத்திருங்கள், குதிக்கவே குதிக்காதீர்கள். உயரப் படிகளில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குவது பார்ப்பதற்கு அழகாக இராது, ஆனால் முழங்கால் தப்பிக்கும்.

பயிற்சியிலும் இதே தவறு நடக்கிறது. மாடிப்படி ஏறிப் பழகுகிறார்கள், மின்தூக்கியில் இறங்கிவிடுகிறார்கள். அதைத் தலைகீழாக்க வேண்டும். ஒரு முறை இறக்கத்தில் வலி கண்ட தசை, அடுத்த சில வாரங்களுக்குள் மீண்டும் அதே வேலை வந்தால் முன்னைப்போல் நோகாது. கோவைக்காரர்கள் இரண்டு வாரங்களுக்கு முன்பே மருதமலைக்குப் போய், மேலே பேருந்தில் சென்று, படிகளில் இறங்கி வரலாம். இதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். சொல்வதை நான் நிறுத்தவில்லை.

புதுச் செருப்பு, புதுக் காலணி

வேண்டாம். கால்விரல் நகத்தையும் முந்தின நாளே வெட்டிவிடுங்கள்.

நனைந்த சட்டையோடு உச்சியில் காத்திருப்பது

ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஆறேழு டிகிரி வெப்பம் குறையும். கீழே வியர்த்துக் கொட்டிய சட்டை, ஏழாவது மலைக் காற்றில் பனித்துணியாகிவிடும். விடியலுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்து நடுங்கிக்கொண்டிருப்பதைவிட, தாமதமாகக் கிளம்புவது நல்லது. காய்ந்த பனியன் ஒன்று பையில் இருக்கட்டும். கம்பளியைவிட அதுதான் முதலில் உதவும்.

கைபேசி விளக்கை நம்புவது

தடிக்கு ஒரு கை, பாறைக்கு ஒரு கை. விளக்குக்குத் தலைதான் மிச்சம்.

குறுக்கு வழி

யானை நடமாடும் காடு இது. வழியை விட்டு விலகாதீர்கள்.

இறங்கியவுடன் வண்டியை எடுப்பது

இரவு முழுவதும் தூங்காமல், தொடை நடுங்க, உச்சி வெயிலில் இருசக்கர வண்டியில் ஊர் திரும்புபவர்களைப் பார்க்கும்போது, மலைமேல் பட்ட அச்சத்தைவிட அதிக அச்சம் எனக்கு உண்டாகிறது. பின்பிரேக்கை மிதிக்க வேண்டிய கால் அன்றைக்கு மிதிக்கும் நிலையில் இருக்காது. நான் இப்போதெல்லாம் பூண்டியிலேயே நிழல் பார்த்துத் துண்டை விரித்து இரண்டு மணி நேரம் படுத்துவிட்டு, எழுந்து உப்புப் போட்ட மோர் ஒரு சொம்பு குடித்த பிறகுதான் சாவியைத் தேடுகிறேன்.