சிரட்டைத் தராசு: முன்பள்ளிப் பிள்ளைகள் கையால் கற்க
இலங்கை மலையகத்து முன்பள்ளிக்கோ பிள்ளைமடுவத்துக்கோ (தோட்டத்துப் பிள்ளைக் காப்பகம்) விலை கொடுத்துச் சாமான் வாங்கத் தேவையில்லை. முதலில் ஒரு தராசு செய்யுங்கள். உடுப்பு மாட்டும் ஹேங்கரின் இரண்டு முனையிலும் ஒரே அளவுச் சிரட்டைகளைக் கயிற்றால் கட்டி, பிள்ளையின் நெஞ்சு உயரத்தில் ஆணியில் தொங்கவிட்டால் போதும். அம்மா தேயிலைக் கொழுந்து நிறுப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு சிரட்டையில் கல், மற்றதில் கைநிறைய இலை. "எது பாரம்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இலையை அள்ளி அள்ளிப் போட்டும் கல் மேலே வராதபோது அந்த முகத்தில் ஓடுகிற யோசனைதான் பாடம், அவசரப்பட்டு விடையைச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள்.

அப்புறம் அதே இலைகளைப் பிரிக்கச் சொல்லலாம்: இரண்டு இலையும் மொட்டும் ஒரு குவியல், முற்றிய இலை இன்னொன்று. மருந்து அடித்த தேயிலை மலையில் பறித்த இலை மட்டும் வேண்டவே வேண்டாம்.

பயறு முளைக்க வைப்பதும் நல்லது. ஈரத்துணியில் சுற்றி, தினமும் பிள்ளைகளையே தண்ணீர் தெளிக்க விடுங்கள். நுவரெலியாக் குளிரில் முளைக்கக் கூடுதல் நாள் பிடிக்கும், அதனால் வெயில் விழும் ஜன்னலோரம் வையுங்கள். 3 வயதுக்குக் குறைந்தவர்கள் பயற்றை மூக்கில் போட்டுக்கொள்வார்கள், அவர்கள் பக்கத்தைவிட்டு நகராதீர்கள்.