ஸ்விங் வேகம் ஜாஸ்தின்னா எக்ஸ் ஃபிளெக்ஸ்தான்னு ஓடாதீங்க: டிரைவரும் ஷாஃப்ட்டும் எடுக்கற வழி

நான் கோல்ஃபுக்கு வந்ததே 32 வயசுல, அதுக்கு முன்னாடி பூரா பெங்களூர் அல்சூர்ல டென்னிஸ் பால் கிரிக்கெட்தான், லெக் சைடுல இழுத்து விட்டே பழகின கை, அதனால டிரைவர (தூரமா அடிக்கற பெரிய தலை ஸ்டிக்க) சுத்தினா சொயிங்னு சத்தம் மட்டும் பிரமாதமா வரும், பால் வலது பக்க மரத்துக்குள்ள போய் உக்காந்துக்கும். ரேஞ்ச்ல ஒரு கேடி அண்ணா (அந்த கேடி இல்லங்க, பேக் தூக்கறவரு) ஒரு வாரம் பாத்துட்டு சொன்னாரு, "சார், உங்க கைல வேகத்துக்குப் பஞ்சமே இல்ல, ஸ்டிக்குதான் உங்களுக்கு செட் ஆகல." அதக் கேட்டு தலைக்கு ஏறி, நேரா கடைக்குப் போய் இருக்கறதுலயே முரட்டு ஷாஃப்ட் (ஸ்டிக்கோட தண்டு) குடுங்கன்னேன், அவங்களும் எக்ஸ் ஃபிளெக்ஸ் (ரொம்ப வளையாத வகை), 9 டிகிரி லாஃப்ட்னு (பால்ல படற முகம் சாஞ்சிருக்கற கோணம்) எடுத்து குடுத்துட்டாங்க, அப்புறம் எட்டு மாசம் ஸ்லைஸ் (பால் வலது பக்கம் வளைஞ்சு போறது) இன்னும் மோசம். நீங்க அந்தக் காச மிச்சம் பண்ணுங்க.

மொதல்ல வேகத்த அளந்துருங்க. நம்ம ஊர்ல லாஞ்ச் மானிட்டர் (கிளப், பால் வேகத்த அளக்கற மெஷின்) வச்சிருக்கற கோச்சும் சிமுலேட்டர் இடமும் இப்ப நெறைய இருக்கு, ஒரு மணி நேரம் புக் பண்ணி, உங்க பாலையே கொண்டு போங்க, தேஞ்சு போன ரேஞ்ச் பால்ல வர்ற நம்பர நம்பாதீங்க. ஆவேசமா சுத்தின ஒரே ஒரு ஷாட்ட வச்சு முடிவு பண்ணக்கூடாது, சாதாரணமா பத்து அடிங்க, சராசரிய பாருங்க. சாதாரண ஆண் பிளேயருக்கு மணிக்கு 93 மைல் மாதிரி வரும், பிஜிஏ டூர் ஆளுங்க 115 பக்கம். உங்களுக்கு 105 தாண்டுச்சுன்னா நீங்க வேகமான ஆளுதான், ஒத்துக்கறேன்.

ஆனா அதே ஸ்க்ரீன்ல பால் ஸ்பீடுன்னு ஒண்ணு இருக்கும், அதுதான் உண்மைய சொல்லும். கிளப் 110ல வந்தா பால் 160 பக்கமாவது போகணும், நல்லா நடுவுல பட்டா 165 வரைக்கும் வரும். 150லயே நிக்குதுன்னா ஃபேஸ் (பால்ல படற முகம்) நடுவுல படல, அப்ப எந்த ஷாஃப்ட் வாங்கியும் புண்ணியம் இல்ல. எங்க படுதுன்னு பாக்க ஆபீஸ் ஒயிட்போர்டு மார்க்கர் போதும், பால்ல பெருசா ஒரு புள்ளி வச்சு, அது ஃபேஸ பாக்கற மாதிரி டீ குச்சில வச்சு அடிங்க, அச்சு விழுந்துரும். என்னோடது பூரா ஹீல் பக்கம் (ஃபேஸ்ல தண்டு சேர்ற ஓரம்), ஹீல்ல பட்டாலே பாலுக்கு வலது பக்க சுழி ஏறும், ஸ்லைஸ்க்கு பாதி காரணம் அங்கயே இருந்துச்சு.

இப்ப ஷாஃப்ட். ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்), எக்ஸ் (எக்ஸ்ட்ரா ஸ்டிஃப்)னு எழுதியிருக்கே, அந்த எழுத்துக்கு கம்பெனிகளுக்குள்ள பொதுவான அளவே கிடையாது, ஒருத்தரோட ஸ்டிஃப் இன்னொருத்தருக்கு ரெகுலர் மாதிரி இருக்கும், நம்ம ஊர்ல சட்டை சைஸ் மாதிரிதான், போட்டுப் பாத்தாதான் தெரியும். சார்ட்ல 105க்கு மேல எக்ஸ்னு போட்டிருப்பாங்க, ஆனா அது உங்க டெம்போவ (சுத்தற தாளத்த) பாக்காம சொல்றது. மேலருந்து வெடுக்குன்னு கிளம்பற ஆளா இருந்தா 104லயே எக்ஸ் தேவைப்படலாம், மெதுவா ஆரம்பிச்சு கடைசில விடற ஆளுன்னா 110லயும் ஸ்டிஃப் அழகா போகும்.

என்னக் கேட்டா எழுத்த விட எடைதான் முக்கியம். கடைல வர்ற ஷாஃப்ட் நெறைய 50 கிராம் வகை, வேகமா சுத்தறவங்களுக்கு கைல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், கை முந்திக்கும், பால் ரெண்டு பக்கமும் செதறும். 60 கிராம் ஒண்ணு, 70 கிராம் ஒண்ணு ரெண்டையும் அடிச்சுப் பாருங்க, எனக்கு 60லருந்து 70க்கு மாறின அன்னைக்கே செதறல் பாதியாச்சு, வேகம் ஒரு மைல்தான் கொறஞ்சுது. டார்க்குன்னு ஒண்ணு சொல்லுவாங்க, முறுக்கு எவ்ளோங்கறது, அத ஃபிட்டர் (ஸ்டிக்க உங்களுக்கு ஏத்த மாதிரி செட் பண்றவரு) பாத்துப்பாரு, விடுங்க.

இன்னொண்ணு, பெயிண்ட்ட பாத்து ஏமாறாதீங்க. ஃபுஜிகுரா வென்டஸ்ங்கற ஷாஃப்ட்ல சிவப்பு உயரமா கெளப்பும், நீலம் நடுவுல, கறுப்பு தாழ்வா, அது சரி. ஆனா டிரைவரோட சேந்து வர்ற வென்டஸ் சிலதுல வெலோகோர்ங்கற அந்த உள் கட்டமைப்பு இருக்காது, பேரும் கலரும் அதே மாதிரி இருக்கும். செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்ப வெலோகோர்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டுதான் காசு குடுக்கணும்.

ஹெட்டுக்கு (டிரைவரோட தலைக்கு) வருவோம். அதோட அளவுல 460 சிசி தான் ரூல்ல உச்ச வரம்பு, ஆனா வேகமான ஆளுங்களுக்குன்னு வர்ற லோ ஸ்பின் (பால கம்மியா சுழல வைக்கற) ஹெட் சிலது அத விட சின்னது, பிங் ஜி430 எல்எஸ்டி 440, டைட்டிலிஸ்ட் டிஎஸ்ஆர்4 430. பாக்க கெத்தா இருக்கும், ஆனா நடுவுல படலேன்னா கொஞ்சமும் மன்னிக்காது. ஸ்பின் 3000 ஆர்பிஎம் தாண்டிப் போய் பால் மேல எழும்பி செத்து விழுந்தா அப்ப அந்த ஹெட்ட யோசிங்க, 2200லருந்து 2600க்குள்ள இருந்தா சாதாரண ஹெட்டே போதும். லாஃப்ட்டும் அப்படித்தான், வேகம் ஜாஸ்தி அதனால 8 டிகிரின்னு கணக்கு போடாதீங்க, மேலருந்து கீழ அடிக்கற ஆளுன்னா 10.5 கூட தேவைப்படும், கீழருந்து மேல தூக்கி அடிக்கற ஆளுக்குத்தான் கம்மி லாஃப்ட் ஒத்து வரும். பெங்களூர் 900 மீட்டர் உயரத்துல இருக்கறதால காத்து மெலிசு, கேரி (பால் தரைல விழறதுக்குள்ள பறக்கற தூரம்) ஒரு 3 சதவீதம் சும்மாவே ஏறும், கேஜிஏல (பெங்களூர் கோல்ஃப் மைதானம்) போன தூரத்த நெனச்சுட்டு சென்னைல நந்தனத்துல போய் அடிச்சுட்டு பால் எங்கன்னு தேடாதீங்க.

நீளம்? கடைல வர்றது பெரும்பாலும் 45.5 இன்ச், சிலது அதுக்கும் மேல, டூர் ஆளுங்க நெறைய பேர் அதவிட குட்டையா வச்சிருக்காங்க. நான் 45க்கு வெட்டினேன், ஆனா அரை இன்ச் வெட்டினா ஹெட் வெயிட்டே இல்லாத மாதிரி தோணும், லெட் டேப் (ஈய டேப்) கொஞ்சம் ஒட்டி சரி பண்ணனும். சரி பண்ணாம அடிச்சு நான் ஒரு வாரம் குழம்பினேன்.

புதுசு அரை லட்சத்த சாதாரணமா தொட்டுடுது, அதனால ரெண்டு வருஷம் பழைய மாடல் ஹெட்ட எடுத்து, மிச்ச காச ஷாஃப்ட்லயும் ஃபிட்டிங்லயும் போடுங்கன்னுதான் நான் சொல்வேன். ஷாஃப்ட் தனியா வாங்கினா உங்க கம்பெனி ஹெட்டுக்கு ஆகற அடாப்டர் (ஷாஃப்ட்ட ஹெட்டோட சேக்கற துண்டு) இருக்கான்னு கேளுங்க, ஒண்ணோடது இன்னொண்ணுக்கு சேராது. அடாப்டர்ல லாஃப்ட்ட ஏத்தினா ஃபேஸ் கொஞ்சம் மூடும், எறக்கினா தெறக்கும், ஸ்லைஸ் ஆளுங்க எறக்கவே கூடாது. திருப்பறதெல்லாம் ரேஞ்ச்ல வச்சுக்கோங்க, ரவுண்டு நடுவுல ரெஞ்ச் எடுத்து செட்டிங்க மாத்தினா ரூல்ல இடம் இல்ல.