பசிபிக் டிரைவ்: ஓட்டைக் காரைத் தேற்றுவது எப்படி?

அயர்ன்வுட் ஸ்டுடியோஸ் உருவாக்கி, 2024 பிப்ரவரியில் வெளியான வீடியோ கேம் இது. ஆண்டு 1998, இடம் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பிக் தீபகற்பம். சுவர் எழுப்பி மூடிய மண்டலத்துக்குள் நீங்களும் ஒரு பழைய ஸ்டேஷன் வேகனும் மாட்டிக்கொள்கிறீர்கள். கையில் துப்பாக்கி எல்லாம் கிடையாது, கார்தான் கவசம். புதிதாக ஆடுபவர்கள் பலர் கண்ணில் பட்டதையெல்லாம் செய்துவிட்டு, முக்கியமான நேரத்தில் இரும்புத்துண்டுக்கு அலைவார்கள். நானும் அலைந்தவன்தான்.

முதல் வேலை, காயலான் கடை வியாபாரம். வழியில் கைவிடப்பட்ட கார்களை ஸ்கிராப்பர் என்ற அறுக்கும் கருவியால் அறுத்து எடுங்கள். அறுக்க அறுக்க அந்தக் கருவியும் தேயும், அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் இடையே காரைச் சரிசெய்யும் உங்கள் பட்டறையிலிருந்து கிளம்பும்போதே இன்னொன்று டிக்கியில் இருக்கட்டும். வீடுகளுக்குள் புகுந்தால் பிளாஸ்டிக், துணி, மின் சாமான்கள் கிடைக்கும்.

அடுத்தது ஆங்கர். ஒளிரும் இந்த உருண்டைகளில்தான் மேம்பாட்டுக்கான ஆற்றல் இருக்கிறது. ஆனால் பிடுங்கியதும் அந்த வட்டாரம் குலையத் தொடங்கும், சீக்கிரம் வெளியேற வேண்டும். சுற்றுவட்டாரத்தைத் துழாவி முடித்துவிட்டு, காரைக் கிளம்பும் திசையில் திருப்பி நிறுத்திய பிறகு கை வையுங்கள்.

பட்டறைக்குத் திரும்பியதும் ஃபேப்ரிகேஷன் ஸ்டேஷனுக்குப் போங்கள். இங்கே ஆற்றலையும் பொருளையும் கொடுத்தால் கிடைப்பது புளூபிரிண்ட், அதாவது செய்முறை வரைபடம் மட்டும்தான், பாகம் கிடைக்காது. பாகத்தை வொர்க் பெஞ்சில் தனியாகச் செய்ய வேண்டும், அதற்குத் தனியாகப் பொருள் வேண்டும். இதை மறந்து, ஸ்டீல் கதவுக்கு புளூபிரிண்ட் வாங்கிய கையோடு பெஞ்சுக்குப் போய் வெறுங்கையுடன் நின்றிருக்கிறேன்.

எதை முதலில் செய்வது? என் கணக்கு இது: முதலில் பக்கவாட்டு ரேக்கும் அதில் மாட்டும் சேமிப்புப் பெட்டியும். இடம் இல்லாவிட்டால் கிடைத்ததைக் காட்டிலேயே போட்டுவிட்டு வர வேண்டியதுதான். பிறகு டயர். தார் ரோட்டுக்குச் சரியாக இருக்கும் சம்மர் டயர் சேற்றில் வழுக்கும், காட்டுப் பாதைக்கு ஆஃப் ரோடு டயர்தான். அதற்கு அப்புறம் கதவு, பம்பர், பேனல்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றத் தேவையில்லை. போன பயணத்தில் எது அதிகம் அடி வாங்கியதோ, அதிலிருந்து தொடங்குங்கள். மின்சாரம் தாக்கும் பகுதிக்கு இன்சுலேட்டட் பேனல், கதிர்வீச்சுக்கு ஈயம் பூசியது. கூரையில் மாட்டும் பளபளப்பான கருவிகள் காத்திருக்கட்டும்.

மாட்டுவது சுலபம். பழைய பாகத்தின் அருகே நின்று கழற்றுங்கள், புதியதைக் கையில் எடுத்து அதே இடத்தில் பொருத்துங்கள்.

வெளியே போகும்போது ரிப்பேர் புட்டி இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், நசுங்கிய பாகங்களுக்கு அதைப் பூசலாம். டயர் பஞ்சரானால் புட்டி வேலை செய்யாது, சீலிங் கிட் வேண்டும். இறங்கும்போதெல்லாம் கியரை பார்க்கில் போடுங்கள், இன்ஜினை அணையுங்கள், ஹெட்லைட்டையும். ஒருமுறை சரிவில் நிறுத்தி, பார்க் போடாமல் ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்தால், புதுக் கதவு மாட்டிய என் கார் தானாகவே உருண்டு போய் மரத்தில் முட்டிக்கொண்டிருக்கிறது.

கார் விசித்திரமாக நடந்துகொண்டால் பதற வேண்டாம். அடிபட அடிபட அதற்குச் சில கிறுக்குப் பழக்கங்கள் வரும். எதைச் செய்தால் என்ன ஆகிறது என்று கவனித்து, பட்டறையில் உள்ள டிங்கர் ஸ்டேஷனில் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால்தான் பழுதுபார்க்க முடியும். என் காரில் வைப்பர் போட்டால் டிக்கி திறந்துகொள்ளும். அது வைப்பரின் வேலைதான் என்று கண்டுபிடிக்கும்வரை, டிக்கியைச் சரியாக மூடாதது நான்தான் என்று ஒவ்வொரு மழையிலும் இறங்கி இறங்கி மூடிக்கொண்டிருந்தேன்.